தகரப் பட்டறையின் வெக்கை: 19,000 ரூபாய் போனபின் 50,000 ரூபாயில் செய்த கூரை வேலை

"உள்பக்கம் பபிள் சீட் ஒட்டிட்டா ஏ.சி. போட்ட மாதிரி இருக்கும்ணே" என்று சொல்லி, அலுமினியத் தாள் வைத்த பிளாஸ்டிக் குமிழ் சீட்டை எங்கள் பட்டறைத் தகரக் கூரைக்கு அடியில் ஒட்டிக்கொடுத்த வேலைக்கு 19,000 ரூபாய் போனது. ஒட்டுவதற்கு முன்பு இருந்த வெக்கை ஒட்டிய பிறகும் அப்படியே இருந்தது. பங்குனியில் ஒட்டிய சீட் அக்னி நட்சத்திரம் முடிவதற்குள் பசை விட்டு, லேத்துக்கு மேலே முழம் முழமாகத் தொங்கியது. கூப்பிட்டால் போனை எடுக்கவில்லை. அந்த எரிச்சலில் எல்லாவற்றையும் கிழித்துப் போட்டுவிட்டு, மறுபடி முதலிலிருந்து கூரையை மூன்று அடுக்காகப் பிரித்துச் செய்த வேலையின் விவரம் இது. இடம் மதுரைக்குப் பக்கத்தில் கப்பலூர். 20 அடிக்கு 40 அடி ஷெட், இரண்டு பக்கச் சாய்வு, ஓரத்தில் 11 அடி உயரம், முகட்டில் பதினான்கரை அடி. கூரை அரை மில்லிமீட்டர் ஜி.ஐ. சீட் (துத்தநாகம் பூசிய தகரம்), அதைத் தாங்குவது நான்கடிக்கு ஒரு பர்லின், அதாவது ஷெட்டின் நீளத்துக்கு ஓடும் இரும்புச் சட்டம். உள்ளே லேத், டிரில்லிங் மெஷின், ஒரு மூலையில் வெல்டிங். உங்கள் ஷெட் இதைவிடப் பெரிதாக இருந்தால் அளவை மட்டும் பெருக்கிக்கொள்ளுங்கள், முறை மாறாது.

முதலில் வெக்கை எப்படி வருகிறது என்று தெரிந்தால்தான் எந்த இடத்தில் பணம் போடுவது என்று தெரியும். மே மாதம் மதியம் இரண்டு மணிக்கு வெளியே நிழலில் 39, 40 டிகிரி இருக்கும்போது எங்கள் தகரத்தின் அடிப்பக்கம் 64 டிகிரி காட்டியது. அந்தச் சூடான தகரம் கீழே இருக்கிற ஆள், மெஷின், தரை எல்லாவற்றின் மேலும் வெப்பக் கதிரை வீசிக்கொண்டே இருக்கிறது. மண்டை காய்வது பெரும்பாலும் இந்தக் கதிரால்தான், காற்றின் சூட்டால் மட்டும் இல்லை. அதனால்தான் ஃபேனை எவ்வளவு வேகமாக வைத்தாலும் தலை உச்சியில் எரிகிறது. கூரையை ஒட்டி நிற்கும் சூடான காற்றைச் சீலிங் ஃபேன் கீழே தள்ளிவிடுவதும் உண்டு. சுவரில் மாட்டிய ஃபேன் இந்த மாதிரி ஷெட்டுக்கு எவ்வளவோ மேல். இன்னொன்று: பளபளவென்று புதிதாக இருக்கும் ஜி.ஐ. சீட் வெயிலைத் திருப்பி அனுப்பிவிடும் என்று நிறையப் பேர் நம்புகிறார்கள். துத்தநாகப் பூச்சு வெயிலில் ஒரு பகுதியைத் திருப்பும்தான். ஆனால் உள்வாங்கிய சூட்டைக் கதிராக வெளியே விடுவதில் அது கஞ்சன், அதனால் தொட்டால் சுடும். சில்வர் பெயிண்டுக்கும் ஏறக்குறைய இதே கதைதான். வெள்ளைப் பெயிண்ட் வெயிலையும் திருப்பும், வாங்கிய சூட்டையும் வானத்தைப் பார்த்து விட்டுவிடும். ஒரே காசுக்கு வெள்ளை எப்போதும் ஜெயிக்கும்.

ஒட்டிய பபிள் சீட் ஏன் வேலை செய்யவில்லை என்பதற்கும் இதுவே பதில். அலுமினியத் தாள் சூட்டைத் தடுப்பது அதன் முன்னால் காற்று இடைவெளி இருந்தால்தான். குறைந்தது ஒரு இன்ச் வேண்டும், இரண்டு மூன்று இன்ச் இருந்தால் நல்லது. தகரத்தோடு ஒட்டிவிட்டால் கதிருக்கு வேலையே இல்லை, சூடு தொட்டுக்கொண்டே கடந்துவிடும். எங்களுக்கு ஒட்டிக்கொடுத்தவர்கள் பளபளப்பான பக்கத்தைத் தகரத்தோடு ஒட்டி, "பார்க்க நீட்டா இருக்கும்" என்று வெள்ளைப் பிளாஸ்டிக் பக்கத்தைக் கீழே வைத்தார்கள். அந்த ஏற்பாட்டில் மிஞ்சுவது நாலு மில்லிமீட்டர் பிளாஸ்டிக் குமிழ் தருகிற தடுப்பு மட்டும். பளபளப்பைக் கீழே வைத்து ஒட்டியிருந்தால் கொஞ்சம் பலன் இருந்திருக்கும், வெல்டிங் புகையும் லேத்தின் கூலன்ட் எண்ணெயும் படிந்து மங்குகிற வரைக்கும். பசை விஷயமும் அப்படித்தான்: சாதாரண ரப்பர் சொல்யூஷன் 60 டிகிரிக்கு மேல் தினமும் ஆறு மணி நேரம் நிற்காது. யார் வந்து "ஒட்டிக்கொடுக்கிறோம்" என்றாலும் அங்கேயே பேச்சை முடித்துவிடலாம்.

விற்பவர்கள் காட்டும் டெம்பரேச்சர் கன் (தொடாமலே சூட்டை அளக்கும் கருவி) வித்தையையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதில்தான் பலர் விழுகிறார்கள். கன்னைத் தகரத்தில் காட்டுவார்கள், 60 என்று வரும். அலுமினியத் தாளில் காட்டுவார்கள், 36 என்று வரும். "பார்த்தீங்களா அண்ணே, 24 டிகிரி குறைஞ்சிருச்சு." மலிவான கன் எல்லாம் மங்கலான பரப்புக்கு அளவிட்டு வைத்தவை. பளபளப்பான அலுமினியத்தின் மேல் காட்டினால் அதில் பட்டுத் திரும்பும் தரையின் சூட்டைத்தான் அது படிக்கும். அலுமினியத்தின் மேல் ஒரு துண்டு கறுப்பு இன்சுலேஷன் டேப்பை ஒட்டி, ஐந்து நிமிடம் விட்டு, டேப்பின் மேல் காட்டச் சொல்லுங்கள். உண்மையான எண் அப்போதுதான் வரும். கன் ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கிறது. ஐம்பதாயிரம் செலவழிக்கப் போகிறவர் சொந்தமாக ஒன்று வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

வேறு வழிகளையும் விசாரித்தோம். பஃப் பேனல் (இரண்டு தகட்டுக்கு நடுவே நுரை நிரப்பிய பலகை) போட்டுக் கூரையையே மாற்றுவதுதான் நிரந்தரத் தீர்வு, சந்தேகமில்லை. எங்கள் அளவுக்கு ஒன்றரை லட்சத்துக்கு மேல் சொன்னார்கள், அதோடு அந்தப் பேச்சு நின்றது. தெர்மோகோல் அட்டையை வைத்துக் கம்பி கட்டச் சொல்லி ஒருவர் யோசனை சொன்னார். தெர்மோகோல் நல்ல வெப்பத் தடுப்பான்தான். ஆனால் 80 டிகிரிக்கு மேல் இளகிச் சுருங்கும், தீப்பிடித்தால் உருகிச் சொட்டிக்கொண்டே எரியும். வெல்டிங்கும் கிரைண்டரும் ஓடும் இடத்தில் அதைத் தலைக்கு மேல் வைக்க முடியாது. தென்னங்கீற்றைக் கூரைமேல் வேய்வது நம் பக்கம் பழைய வழக்கம், குளிர்ச்சியும் உண்மைதான். மழை ஈரத்தைப் பிடித்து வைத்துத் தகரத்தைத் துருவாக்கும், எலி குடியேறும், தீபாவளி ராக்கெட் ஒன்று போதும். கூரைக்கு மேலே ஒரு அடி இடைவெளி விட்டுப் பச்சை நிழல்வலை கட்டுவது இவற்றில் மிக மலிவு, பலனும் கண்ணுக்குத் தெரியும். வெயில் தகரத்தைத் தொடுவதற்கு முன்பே பாதிக்கு மேல் நின்றுவிடுகிறது அல்லவா. கையில் பத்தாயிரம்கூட இல்லாதவர்கள் மாசியில் கட்டி ஆனியில் கழற்றிவிடலாம். கழற்றாமல் விட்டால் ஆடிக்காற்று கழற்றிவிடும். கூரையில் தண்ணீர் தெளிப்பதை நான் யாருக்கும் சொல்லமாட்டேன். கோடையில் தண்ணீருக்கு எங்கே போவது? உப்புத் தண்ணீர் என்றால் ஓட்டைதான் மிச்சம்.

முதல் வேலை மேலே வெள்ளையடிப்பது. உள்ளே என்ன போட்டாலும் போடாவிட்டாலும் இதை மட்டுமாவது செய்யுங்கள். போட்ட ரூபாய்க்கு அதிகப் பலன் தருவது இதுதான். வெளிநீட்டல் சேர்த்துச் சாய்வில் அளந்தால் கூரை சுமார் 1,050 சதுர அடி. இதோடு கணக்கை நிறுத்தினால் பெயிண்ட் பாதியில் தீர்ந்துவிடும், நெளிவுக்காகப் பத்து முதல் பதினைந்து சதவீதம் கூட்ட வேண்டும். எங்களுக்கு 1,180 என்று வந்தது. இரண்டு கோட்டுக்கு லிட்டருக்கு 30 சதுர அடி என்று வைத்து 40 லிட்டர், அதாவது 20 லிட்டர் வாளி இரண்டு. கடையில் கேட்கும்போது 'கூல் ரூஃப்' என்று எழுதியிருப்பதைப் பார்த்து எடுக்காமல், எஸ்.ஆர்.ஐ. எண் (வெயிலைத் திருப்பி, வாங்கிய சூட்டையும் வெளியே விடும் திறனைச் சொல்லும் எண்) நூறுக்கு மேல் இருக்கிறதா என்று பேப்பரைக் காட்டச் சொல்லுங்கள். சுவருக்கு அடிக்கும் வெளிப்புற எமல்ஷனைக் கூரைக்குத் தள்ளிவிடுகிற கடைகளும் இருக்கின்றன. அது தகரம் சுருங்கி விரிவதைத் தாங்காமல் ஒரே வருடத்தில் உரியும்.

அடிப்பதற்கு முன் கழுவுவதுதான் பாதி வேலை. செம்மண் தூசி நெளிவின் பள்ளத்தில் உட்கார்ந்திருக்கும், அதன்மேல் அடித்தால் தூசியோடு பெயிண்டும் வந்துவிடும். துரு உள்ள இடத்தில் கம்பி பிரஷ் போட்டு ரெட் ஆக்சைடு, துருவே இல்லாத புது ஜி.ஐ. என்றால் அதற்கென்று இருக்கும் ஜி.ஐ. பிரைமர். நேரடியாக அடித்தால் பிடிக்காது. ஸ்க்ரூ ஒவ்வொன்றையும் பார்த்து, வெடித்துப்போன ரப்பர் வாஷரை அப்போதே மாற்றிவிடுங்கள், பிறகு உள்ளே பபிள் சீட் வந்துவிட்டால் ஒழுகும் இடத்தைக் கண்டுபிடிக்க முடியாது. காலை ஆறு மணிக்கு ஏறி ஒன்பதரைக்குள் இறங்கிவிட வேண்டும். அதற்கு மேல் தகரம் சுட ஆரம்பித்தால் பெயிண்ட் ரோலரிலேயே காய்ந்து பொடியாக நிற்கும். முதல் கோட்டில் கொஞ்சம் தண்ணீர் சேர்க்கலாம், இரண்டாவது கோட்டை மறுநாள் காலையில் தண்ணீர் சேர்க்காமல் அடிக்க வேண்டும். பெயிண்டர் கூலி, பிரைமர் எல்லாம் சேர்த்து 17,000 ஆனது.

சிமெண்ட் சீட் கூரை வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. வெயிலில் பல வருடம் கிடந்த சிமெண்ட் சீட் பார்க்கக் கெட்டியாக இருக்கும், கால் வைத்தால் உடைந்து ஆள் உள்ளே விழுவார். ஸ்க்ரூ வரிசை இருக்கும் இடத்துக்குக் கீழேதான் பர்லின் ஓடுகிறது. இரண்டு பர்லினுக்குக் குறுக்கே பலகை போட்டு அதன்மேல்தான் நடக்க வேண்டும், இடுப்பில் கயிறு கட்டாமல் யாரையும் ஏற்றாதீர்கள். காய்ந்த சீட்டைக் கம்பி பிரஷ்ஷால் தேய்க்கவும் கூடாது, ஆஸ்பெஸ்டாஸ் தூள் நுரையீரலுக்குப் போகும். தண்ணீர் ஊற்றி நனைத்துத் துணியால் துடைத்தால் போதும்.

இரண்டாவது அடுக்கு பபிள் சீட், இந்த முறை ஒட்டாமல். பர்லினுக்கு அடியில் கட்டினால் பர்லினின் உயரமே காற்று இடைவெளியாகிவிடுகிறது, தனியாக எதுவும் செய்ய வேண்டியதில்லை. வாங்கும்போது இரண்டு பக்கமும் அலுமினியம் உள்ளதாக வாங்க வேண்டும். மேல்பக்கத்தில் நாளடைவில் தூசி படிந்து மங்கினாலும் கீழ்ப்பக்கம் வேலை செய்துகொண்டிருக்கும். பளபளப்பாக இருப்பதெல்லாம் அலுமினியம் இல்லை, அலுமினியமாக இருந்தாலும் மேலே கனமான பிளாஸ்டிக் படலம் ஒட்டியிருந்தால் கதிரைத் தடுக்கும் குணம் போய்விடும். கடையிலேயே சோதிக்கலாம்: ஒரு சதுர அடித் துண்டைக் கன்னத்துக்கு ஒரு இன்ச் தள்ளிப் பிடியுங்கள். நல்ல தாள் என்றால் உங்கள் முகத்துச் சூடே திரும்பி வந்து கதகதப்பாகத் தெரியும். சாதாரணப் பிளாஸ்டிக்கில் ஒன்றும் தெரியாது. கடைக்காரர் ஒரு மாதிரியாகப் பார்ப்பார், பார்க்கட்டும்.

ரோல் அகலம் 1.2 மீட்டர், நாலடிக்குக் கொஞ்சம் குறைவு. ஒரு சாய்வு உள்ளே பத்தரை அடிக்குச் சற்று மேல், ஒன்றின்மேல் ஒன்று மூன்று இன்ச் ஏறுகிற மாதிரி மூன்று பட்டை. இரண்டு சாய்வுக்கு ஆறு பட்டை, ஒவ்வொன்றும் நாற்பதடி. வெல்டிங் மூலைக்கு மேலே ஒரு பக்கச் சாய்வில் மட்டும் பன்னிரண்டடி நீளத்துக்குப் பபிள் சீட் வேண்டாம் என்று விட்டதால் 62 மீட்டர் போதுமாக இருந்தது, வெட்டுச் சேதாரத்துக்குச் சேர்த்து 65 வாங்கினோம். சதுர அடி 16 ரூபாய் வீதம் பதின்மூன்றரை ஆயிரம் வந்தது. பட்டையைத் தாங்குவதற்கு ஒன்றரை அடிக்கு ஒன்றாகப் பர்லினுக்குக் குறுக்கே 14 கேஜ் ஜி.ஐ. கம்பி, ஆறு கிலோ. கம்பியை ஒரு முனையில் கட்டித் தளர்வாக விட்டு, பட்டையைக் கம்பிக்கும் பர்லினுக்கும் நடுவே இழுத்து, பிறகு கம்பியை முறுக்க வேண்டும். பட்டையைப் பர்லினோடு பிடிக்க ஒன்றரை அடிக்கு ஒரு செல்ஃப் டிரில்லிங் ஸ்க்ரூ, அகல வாஷரோடு. வாஷர் இல்லாமல் அடித்தால் காற்றுக்குத் துளை பெரிதாகிக் கிழிந்துவிடும்.

ஓர வரிசையிலிருந்து ஆரம்பித்து முகட்டை நோக்கிப் போக வேண்டும், ஓடு வேய்கிற மாதிரி மேல்பட்டை கீழ்ப்பட்டையின் மேல் ஏற வேண்டும். ஐப்பசி கார்த்திகையில் ராத்திரி தகரம் குளிர்ந்து அடிப்பக்கம் வியர்க்கும், அந்தச் சொட்டு பபிள் சீட்டின் மேல் விழுந்து சரிந்து வெளியே போகட்டும் என்பதற்காகத்தான் இந்த ஏற்பாடு. மாற்றி ஏற்றினால் சொட்டெல்லாம் இணைப்பு வழியே லேத் பெட்டில் விழுந்து துருவாக்கும். இணைப்பில் இரண்டு இன்ச் அலுமினிய டேப், பிரவுன் டேப் வேண்டவே வேண்டாம். முகட்டில் மூன்று இன்ச்சும் ஓரத்தில் ஒரு இன்ச்சும் திறந்தே விட வேண்டும். கீழே புகுந்து மேலே வெளியேறும் காற்றுதான் இடைவெளியில் தேங்கும் சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. திறந்த இடத்தில் அரை இன்ச் வெல்டு மெஷ் வைத்து அடைக்காவிட்டால் அணில் கூடு கட்டும், அதன்பிறகு ஒயரைக் கடிக்கும். கம்பி, டேப், ஸ்க்ரூ, சாரம் வாடகை, ஆள் கூலி எல்லாம் சேர்த்து இந்த அடுக்குக்கு 23,000.

வெல்டிங் மூலைக்கு மேல் ராக்வூல், அதாவது பாறையை உருக்கி இழையாக்கிய பஞ்சு. பபிள் சீட்டின் உள்ளே இருப்பது பாலித்தீன், பொறி பட்டால் உருகும், பிடித்தால் எரியும். ராக்வூல் எரியாது. 50 மில்லிமீட்டர் கனத்தில், ஒரு பக்கம் கம்பி வலை வைத்துத் தைத்த மெத்தையாகக் கேட்டு வாங்க வேண்டும். வலை இல்லாததை வாங்கினால் தொங்கவிட முடியாது. சதுர மீட்டருக்கு ஆறு கிலோ வரை எடை வரும் (120 கிலோ அடர்த்தி என்றால்), எங்கள் மூலைக்கு மொத்தம் 70 கிலோ சொச்சம். பர்லின் தாங்கும். வலை கீழே இருக்கிற மாதிரி வைத்து, பர்லினில் ஒரு அடிக்கு ஒரு கட்டு பைண்டிங் கம்பி. முழுக்கைச் சட்டை, கையுறை, மூக்குக்கு நல்ல மாஸ்க், கண்ணாடி இல்லாமல் தொடாதீர்கள். அரிப்பு இரண்டு நாள் போகாது. குளிக்கும்போது முதலில் பச்சைத் தண்ணீர்தான், வெந்நீர் பட்டால் அரிப்பு கூடும். செலவு 7,000. இந்த மூலை ஷெட்டின் வேறு பகுதியைவிடக் குளிர்ச்சியாக இருக்கிறது என்பது எதிர்பாராத சந்தோஷம். பணம் இருந்தால் முழுவதும் இதையே போட்டிருப்போம்.

மின்சாரம் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. அலுமினியத் தாள் முழுக் கூரைக்கும் விரித்த மின்கடத்தி. எங்காவது ஒயர் தோல் உரிந்து அதைத் தொட்டால் கூரை மொத்தமும் ஷாக் அடிக்கும். ஒரு ஸ்க்ரூ ஒயருக்குள் இறங்கினாலும் அதேதான். ஆஸ்திரேலியாவில் 2009-10இல் அரசு மானியத்தில் வீட்டுக் கூரைகளுக்கு வெப்பத் தடுப்பு போட்டபோது தொழிலாளர்கள் மின்சாரம் தாக்கி இறந்து, 2010 பிப்ரவரியில் அலுமினியத் தாள் போடுவதையே நிறுத்தினார்கள். எனவே வேலை நடக்கும்போது மெயினை அணைத்துவிடுங்கள், டிரில்லுக்குப் பேட்டரி வைத்ததைப் பயன்படுத்துங்கள். கூரையோடு ஓடும் ஒயரை எல்லாம் பி.வி.சி. பைப்புக்குள் போட்டு, பபிள் சீட்டுக்குக் கீழே இறக்கிவிட வேண்டும். தாங்கும் கம்பியை எர்த்தோடு இணைத்து, போர்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு வந்தால் உடனே மின்சாரத்தை நிறுத்தும் சுவிட்ச்) ஒன்றும் போட்டுவிடுங்கள்.

கடைசி வேலை முகட்டைத் திறப்பது. பழைய முகட்டுத் தகடு சீட்டோடு ஒட்டி உட்கார்ந்திருந்தது. மூன்று இன்ச் உயரத்துக்குத் துண்டுச் சேனல் வைத்துத் தூக்கி, மழை சாய்ந்து அடித்தாலும் உள்ளே வராதபடி பக்கத்துக்கு ஒரு அடி இறங்குகிற அகலத் தகடாக மாற்றினோம். வெல்டிங் தெரிந்த கை என்பதால் பொருள் செலவு மட்டும், 3,500. கூரைமேல் காற்றில் தானாகச் சுற்றிச் சூட்டை வெளியேற்றும் டர்போ வென்டிலேட்டர் வைக்கலாமே என்பார்கள். காற்றடிக்கும் ஆனி, ஆடியில் நன்றாகச் சுற்றும், காற்றே இல்லாத சித்திரை மதியத்தில் ஏறக்குறைய நின்றுவிடும், நமக்கு அது தேவைப்படுவதே அப்போதுதான். கூரையில் வட்டமாக வெட்டிய இடம் ஒழுகுவது தனிப் பிரச்சினை. மேலே எதைத் திறந்தாலும் கீழே காற்று உள்ளே வர வழி வேண்டும். மேற்குச் சுவரில் தரையிலிருந்து இரண்டடி உயரத்தில் ஜாலி வைக்காமல் முகட்டை மட்டும் திறந்தால் பாதிப் பலன்தான்.

எல்லாம் முடிந்தபின் அடுத்த மே மாதம் அதே மதிய வேளையில் அளந்தபோது தகரத்தின் அடிப்பக்கம் 46, பபிள் சீட்டின் கீழ்ப்பக்கம் கறுப்பு டேப் ஒட்டி அளந்ததில் 40. நெஞ்சு உயரத்தில் காற்று வெளியே இருப்பதைவிட ஒரு டிகிரி கூட, அவ்வளவுதான். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: இந்த வேலை எதுவும் உள்ளே இருக்கும் காற்றை வெளிக்காற்றைவிடக் குளிர்ச்சியாக்காது. மரநிழலில் நிற்கிற அளவுக்குக் கொண்டுவரும், அதற்கு மேல் யாராவது வாக்குக் கொடுத்தால் நம்பாதீர்கள். மதியம் ஒன்றிலிருந்து நான்கு மணி வரை மூடிக்கிடந்த பட்டறை இப்போது ஓடுகிறது, அது போதும்.

கையில் மொத்தமாக ஐம்பதாயிரம் இல்லையென்றால் வெள்ளையடிப்பு, முகடு, பபிள் சீட் என்ற வரிசையில் ஒவ்வொரு கோடைக்கும் ஒன்றாகச் செய்யலாம். வெள்ளையைப் பராமரிக்க வருடம் ஒருமுறை மாசிக் கடைசியில் கூரையைத் தண்ணீர் அடித்துக் கழுவினால் போதும், கழுவாவிட்டால் தூசி ஏறிப் பலன் வருடா வருடம் இறங்கும். ஆடி பிறப்பதற்கு முன் கம்பிகளைத் தட்டிப் பார்த்துத் தளர்ந்ததை முறுக்குங்கள். வாடகை ஷெட் என்றால் கூரையில் பெயிண்ட் அடிக்கவும் முகட்டைத் தூக்கவும் உரிமையாளரிடம் எழுதி வாங்கிவிட்டு, அந்த 20,000 ரூபாயை வாடகையில் கழிக்க முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். ஸ்க்ரூ போட்டுக் கட்டிய பபிள் சீட்டையும் ராக்வூலையும் காலி செய்யும்போது கழற்றி எடுத்துக்கொண்டு போகலாம், அதை மட்டும் ஒப்பந்தத்தில் ஒரு வரியாகச் சேர்த்துவிடுங்கள்.